பார்க்கிங்கில் ஒரு கார்

மகள் பள்ளியில் நடந்ததையெல்லாம் சொல்லச் சொல்ல, கோகிலவாணி போனைப் பார்த்தபடி "ம்" கொட்டிக்கொண்டிருந்தாள். "நான் என்ன சொன்னேன், சொல்லும்மா" என்று குழந்தை கேட்டபோதுதான் எதுவுமே காதில் விழவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. சென்னையில் ஓ.எம்.ஆரில் வேலை, மேடவாக்கத்தில் வீடு, நடுவில் நகராத டிராஃபிக். உடம்பு ஓரிடம், மனசு ஓரிடம் என்றே நாட்கள் போய்க்கொண்டிருந்தன. தினமும் காலையில் கொஞ்ச நேரம் தியானத்தில் உட்காருவது என்று அன்று முடிவு செய்தாள்.

ஹாலில் உட்கார்ந்தாள். கணவன் ஷ்யாம்சுந்தர் பக்கத்தில் வந்து, "வாணி, என் ஐடி கார்டு எங்க? கண்ணைத் திறக்க வேணாம், எங்கன்னு மட்டும் சொல்லு" என்றான். படுக்கையறைக்குப் போனால் மகள் மடியில் ஏறினாள். பால்கனிக்குக் கீழே தண்ணி லாரியின் மோட்டார் இரைந்தது. கடைசியில் பார்க்கிங்கில் நிற்கும் தன் காருக்குள் போய் உட்கார ஆரம்பித்தாள். அங்கும் பாதி நாள் ஆபீஸ் மீட்டிங் நினைவுக்கு வந்தது. மீதி நாள் தூங்கிப் போனாள்.

ஒரு காலை யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். எதிர் ஃபிளாட் கனகவல்லி. கணவர் பக்கவாதத்தில் விழுந்த பிறகு அவள் வெளியே வருவதே அபூர்வம்.

"என்ன வாணி, வீட்ல ஏதாவது பிரச்சினையா? தினமும் இங்க வந்து உக்கார்றியாமே, வாட்ச்மேன் சொன்னார்."

"அய்யோ, அதெல்லாம் இல்லக்கா. தியானம்."

"கார்லயா?"

"வேற எங்கக்கா இடம் இருக்கு?"

கனகவல்லி சிரிக்கவில்லை. "ஹோம் நர்ஸ் அவரைக் குளிப்பாட்டிட்டு இருக்கு. முடிக்கிற வரைக்கும் நானும் உக்காரட்டுமா? பேச மாட்டேன்."

வாணி பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"என்ன பண்ணணும்?"

"மூச்சைக் கவனிக்கணும்கா. மனசு எங்கயாவது போனா திரும்ப மூச்சுக்கே வரணும். எனக்கே இன்னும் சரியா வரல."

இருவரும் கண்களை மூடினார்கள். சற்று நேரத்தில் பக்கத்தில் மூச்சு தடுமாறுவது கேட்டது. வாணி கண் திறந்தாள். கனகவல்லியின் கன்னத்தில் நீர் வழிந்துகொண்டிருந்தது. ஆறுதலாக ஏதோ ஒரு வார்த்தை வாய் வரை வந்தது. மடியில் போன் அதிர்ந்தது. வாணி அதைத் தொடவில்லை, பேசவும் இல்லை. அந்த அழுகை ஓயும்வரை கூடவே உட்கார்ந்திருந்தாள்.

"யாரும் என்னைக் கூப்பிடாம இப்படி உக்காந்து எவ்வளவு நாளாச்சு!" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள் கனகவல்லி. "நாளைக்கும் வருவியா?"

"வருவேன்கா."

அதன் பிறகு முடிந்த நாளெல்லாம் இருவரும் உட்கார்ந்தார்கள். களைப்பு ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஒரு மழைக்காலக் காலையில் வாணிக்கு எழுந்திருக்கவே மனமில்லை. அக்கா காத்திருப்பாளே என்று எழுந்து போனாள். கனகவல்லி காரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

"ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்ல, வாணி."

"எனக்கும்தான்கா."

கதவைத் திறந்து இருவரும் ஏறிக்கொண்டார்கள்.