வாசல் மரத்துக்குத் தண்ணீர்

பூங்கா வாசலில் நிற்கும் பெரிய மரத்துக்கு மதிப்பீட்டாளர் போட்ட விலை பதினோராயிரம். விறகாக. நிழலுக்கு விலை போடச் சொல்லி அவருக்கு உத்தரவு இல்லையாம். அடுத்த வாரம் வருவதற்குள் துளிர் தெரியாவிட்டால் பட்ட மரம் என்று எழுதி ஏலத்துக்கு அனுப்பிவிடுவதாகச் சொன்னார். சொல்லிவிட்டு, அதே மரத்தின் மிச்ச நிழலில் நிறுத்தியிருந்த ஸ்கூட்டரில் ஏறிப் போனார்.

பூங்காவின் மேற்பார்வையாளருக்கு அன்றிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. நாற்காலியில் உட்காருவாள், எழுவாள், வாசல்வரை போவாள், உதிர்ந்த இலைகளைச் செருப்பால் தள்ளிப் பார்ப்பாள், திரும்புவாள். மழை பொய்த்து இரண்டாம் வருஷம். தினம் ஒரு லாரித் தண்ணீர்தான். அதில் பாதி புல்வெளிக்கு. மேலதிகாரி காரில் போகும்போது கண்ணில் படுவது புல்வெளி. அண்ணாந்து பார்க்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

மரத்துக்கு அவள் ஒரு குவளைகூட ஊற்றியதில்லை. காரணம் மரத்தடியிலேயே இருந்தது: கூடப்பிறந்த அண்ணனின் பஞ்சர் கடை. பொதுத் தண்ணீரில் அண்ணனுக்கு நிழல் வளர்க்கிறாள் என்று யாராவது ஒருத்தர் வாய் திறந்தால் போதும், வேலைக்கு உலை. அதனால் ட்யூப்பை முக்கிப் பார்க்க அவன் கேட்ட ஒரு வாளிக்கும் கையை விரித்திருந்தாள். அவன் வீட்டிலிருந்து கேனில் சுமந்து வந்தான்.

முதல் வருஷம் தாக்குப்பிடித்த மரம் இப்போது ஏன் வாடுகிறது? அதுதான் அவளைக் குடைந்தது. பதில் லாரி டிரைவரின் புலம்பலில் வந்தது. முன்பெல்லாம் மதியம் மரத்தடியில் லாரியை நிறுத்தித் தூங்குவானாம். வால்வு ஒழுகி மண் குளுகுளுவென்று கிடக்குமாம். மேடம் புண்ணியத்தில் இப்போது கால் பொரிகிறதாம்.

அவளுக்குச் சுருக்கென்றது. அந்த ஒழுகலை அடைத்தது அவள்தான். வாஷர் மாற்றி, ஒரு சொட்டு வீணாகவில்லை என்று மேலே எழுதி, பாராட்டும் வாங்கியிருந்தாள். பாராட்டுக் கடிதம் சுவரில் தொங்கியது. மரம் குடித்து வந்த தண்ணீர் நின்று போயிருந்தது.

அண்ணனிடம் ஓடினாள். அவன் ட்யூப்பைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழிக்காகக் காத்திருந்தான். முழுவதும் கேட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"ஓட்டைய அடைச்சிட்டு அழுற மொத ஆளு நீதான். எங்க தொழிலுக்கே இழுக்கு."

"மரத்துக்கு ஊத்தலாம்ணா. ஊத்தினா உன் கடைக்கு ஊத்துறேன்னு சொல்லுவாங்க."

அவன் ட்யூப்பை வெளியே எடுத்துத் துடைத்தான்.

மறுநாள் காலை மரத்தடி காலியாக இருந்தது. சாலைக்கு எதிர்ப்புறம், பொட்டு நிழல் இல்லாத இடத்தில், தலையில் ஈரத்துண்டோடு டயர்களை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"இப்ப அந்த மரத்துக்கு அண்ணன் தம்பி யாரும் கெடையாது. தாராளமா ஊத்து."

"இந்த வெயில்ல எப்படிண்ணா?"

"அதுக்குத்தான் தெனம் ரெண்டு வாளி குடு."

"பூங்கா தண்ணி ஒரு சொட்டு கெடையாது. வீட்லேர்ந்து அரை வாளி கொண்டாறேன்."

"முக்கா."

"அரை."

"உன்கிட்ட பேசி ஜெயிச்சவன் எவன்? சரி, கொண்டா."

புல்வெளிக் குழாயை அவளே மூடி, அந்தத் தண்ணீரை மரத்துக்கு விட்டாள். மூன்றாம் நாள் புல் பழுத்தது. மேலிடம் தொலைபேசியில் வறுத்தெடுத்தது. எழுதிக் கேட்டால் எழுதிப் பதில் தருவதாகச் சொல்லி வைத்துவிட்டு, மறுபடி மரத்தடிக்கு நடந்தாள்.

மதிப்பீட்டாளர் வந்தார். உச்சிக்கிளை ஒன்றில் ஏதோ பச்சை. அது துளிரில்லை, பழைய இலை என்றார் அவர். ஏறிப் பார்த்துவிட்டுச் சொல்லச் சொன்னாள் அவள். ஏணி இல்லை. ஆறு மாத அவகாசம் என்று பேரத்தை ஆரம்பித்து, ஒரு மாதத்துக்கு அவரைப் படிய வைத்தாள்.

அன்று மாலை தொட்டியருகே கரும்பலகையில் எழுதினாள். வரவு ஒன்பதாயிரம் லிட்டர். செடிகளுக்கு மூவாயிரம், கழிப்பறைக்கு ஆயிரத்து ஐந்நூறு, மரத்துக்கு நாலாயிரத்து ஐந்நூறு. புல்வெளிக்கு ஒன்றுமில்லை. கூட்டல் சரியாக வந்தது. சாக்கட்டியைக் கீழே வைக்காமல் சாலையைப் பார்த்தாள். எதிர்ப்புறம் அண்ணன் துண்டை மறுபடி நனைத்துப் போட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு நிழல் பாக்கி.