துர்சுனின் வயிறு

எங்கள் மருத்துவமனைப் பயிற்சி அறையின் குழந்தைப் பொம்மைக்கு மாணவர்கள் துர்சுன் என்று பெயர் வைத்திருந்தார்கள். பிள்ளை தங்காத வீட்டில், இதாவது இருக்கட்டும் என்று எங்கள் ஓஷ் நகரப் பக்கம் வைக்கிற பெயர்.

இன்று அதன் தொண்டை வழியே சுவாசக் குழாய் போட வந்தவர் தலைமை மருத்துவர் ஒரோசாலி. நான் நடத்தும் இந்தத் தேர்வில் தேறாமல் இனி யாரும் பச்சைக் குழந்தையைத் தொட முடியாது. முன்பு அவர்தான் என் அகாய், என் ஆசிரியர். ஒரு குழந்தையின் மூச்சுக்குழாயில் போக வேண்டியதை இரைப்பையில் செருகிச் சாகவிட்டு, பழியை என் தலையில் போட்டவர்.

"உள்ள போயிடுச்சு. பாத்துக்கங்கடா," என்றார் மாணவர்களிடம்.

நான் காற்றுப் பையை அழுத்தினேன். துர்சுனின் நெஞ்சு அசையவில்லை, வயிறு உப்பியது.

"பொம்மைல கோளாறு, பெகாயிம்," என்றார் என்னிடம்.

"அய்பெரி, நீ போடும்மா," என்றேன்.

மாணவி அய்பெரி குழாயை உருவி மறுபடி போட்டாள். நெஞ்சு அழகாக ஏறி இறங்கியது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"எங்கிட்டயே விளையாடுறியா?" என்று ஒரோசாலி என்னைப் பார்த்துச் சீறினார்.

"அன்னைக்கும் வயிறுதான் உப்புச்சு, அகாய். நான் சொன்னேன். வாய மூடுன்னீங்க."

குழாயை அவர் கையில் திணித்தேன்.

"போடுங்க. இது எத்தனை தடவை வேணாலும் சாகும்."