வட்டப் பொட்டு

மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து ஆஸ்டின் காரின் பானெட்டைத் தூக்கினேன். நான் வைத்துவிட்டுப் போன குங்குமப் பொட்டு நீளமாக இருந்தது. இப்போது வட்டமாக இருக்கிறது.

எங்கள் பட்டறையில் இது ஒரு வழக்கம். வேலை முடிந்ததும் எஞ்சின் மூடியைப் பூட்டி, நட்டின் மேல் ஒரு பொட்டு வைப்போம். ஐம்பத்திரண்டாம் வருஷம் அப்பா செல்லக்கண்ணு ஒற்றை ஜாக்கியோடு துறைமங்கலத்தில் ரோட்டோரமாகக் கீற்றுக்கொட்டகை போட்ட நாளில் ஆரம்பித்தது. சாமிக்கு வைக்கிறோம் என்றுதான் வண்டிக்காரர்கள் நினைத்தார்கள். வேறு எவனாவது கைவைத்தால் பொட்டு கலைந்து காட்டிக்கொடுத்துவிடும் என்பது அப்பாவின் ஏற்பாடு. யாரையும் நம்பாத மனுஷன். நான் அவர் பிள்ளை. ஜாக்கி நசுக்கி என் மோதிர விரல் கோணிப்போனதால் என் பொட்டு நீளமாகத்தான் விழும். தம்பி தர்மன் வைப்பது காசு மாதிரி வட்டமாக இருக்கும்.

ஆக, நான் பூட்டியதை அவன் திறந்திருக்கிறான். இது மூன்றாவது வண்டி. போன மாதம் அரும்பாவூர் மோரிஸ், அதற்கு முன்னால் ஒரு பிளைமவுத். எல்லாம் நான் வீட்டுக்குப் போகும் நேரம் பார்த்துத்தான். என் வேலையைக் கெடுத்து, என் பேரைக் கெடுத்து, அப்புறம் அரியலூரில் தனியாகக் கடை போடுவான். அவன் மச்சான் அங்கே ஸ்டேஷன் பக்கம் இடம் பார்ப்பது எனக்குத் தெரியாதா என்ன? ஆஸ்டின்காரர், உடையார்பாளையம் சிவசுப்பிரமணியன், அப்பா காலத்துப் பழக்கம். அவரே இப்போதெல்லாம் தர்மனைத் தனியாகக் கூப்பிட்டு முணுமுணுக்கிறார். நான் பக்கத்தில் போனால் இரண்டு பேரும் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

வீராயியிடம் சொல்லி என்ன பிரயோசனம்? கட்டினவள் என்றுதான் பேர், எப்போதும் கொழுந்தன் பக்கம். மூன்று தடவை கூப்பிட்டால்தான் நான் திரும்புகிறேனாம், முதலில் அதைப் பார்க்கச் சொல்கிறாள். திரும்ப இஷ்டமில்லை, திரும்பவில்லை. படுத்தாலும் என் காதுக்குள் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆயுசு முழுக்க இதிலேயே கிடப்பவனுக்கு வேறென்ன கேட்கும்?

அன்றைக்கே கேட்டுவிட்டேன்.

“நான் பூட்டுனத நீ எதுக்குடா தொறந்த? அரியலூரு போறதுன்னா போ. பட்டறையப் பாகம் பிரிச்சிக்குவோம்.”

தர்மன் கைக்கரியைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றான். அப்புறம் என் காதருகே வந்து சொன்னான்.

“நீ சரி பண்ணுன பொறவும் உள்ள தட்டுதுண்ணே. தட்டுற வண்டிய எப்படி வெளிய அனுப்புறது?”

என்னிடமா இப்படிச் சொல்கிறான்? அப்பாவின் நீள ஸ்குரூ டிரைவர் ஆணியில் தொங்கியது. அதன் முனையை எஞ்சினில் ஊன்றி, கைப்பிடிக் கட்டையைக் காதில் வைத்து, அவர் கண்ணை மூடிக் கேட்டே எந்த இடத்தில் கோளாறு என்று சொல்லிவிடுவார். அதில்தான் இந்தப் பட்டறைக்குப் பேர் வந்தது. அவருக்குப் பிறகு அதைத் தொடுவது நான் ஒருத்தன்தான். தர்மன் அதை எடுத்து என்னிடம் நீட்டினான். வண்டியைக் கிளப்பினான்.

“இப்பத் தட்டுதான்னு நீயே கேட்டுச் சொல்லு. தட்டுனா நான் போயிடுறேன்.”

முனையை மூடியில் ஊன்றினேன். கண்ணை மூடிக்கொண்டேன். எஞ்சின் சத்தம் காது நிறைய இருந்தது. அவசரப்படவில்லை, நன்றாக நேரம் எடுத்துக்கொண்டேன். இரைச்சலுக்குள்ளே மெல்லிசாக ஒரு தட்டல் வந்தது. அகப்பட்டான் பயல்.

“மூணாவது சிலிண்டரு தட்டுது,” என்றேன். “கெடுத்து வச்சிருக்க.”

கண்ணைத் திறந்தேன்.

எஞ்சினின் ஃபேன் நின்றிருந்தது. நாலு இறக்கையும் தனித்தனியாகத் தெரிந்தன. தர்மன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தபடி நின்றான். அவன் கண் கலங்கியிருந்தது.

கட்டையைக் காதிலிருந்து எடுத்தேன். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.