இலையறுப்புக் கத்திக்குப் புதுப்பிடி

முனியாயி அழவில்லை என்பதுதான் அந்த வருசம் மேலக்கால் ஊருக்கே பெரிய குறை. அவள் புருசன் காளை சித்திரைத் திருவிழாவுக்கு மதுரைக்குப் போனான். ஆற்றில் இறங்கிய அழகரைக் கண்குளிரப் பார்த்தான், தாகத்துக்கு ஆற்றுத் தண்ணீரையே அள்ளிக் குடித்தான், மறுநாள் வாந்திபேதியில் போய்ச் சேர்ந்தான். சேதி கிடைத்து இவள் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் அவனை மற்றவர்களோடு சேர்த்துப் புதைத்துவிட்டார்கள். எந்தக் குழி என்று கேட்டாள். சுண்ணாம்பு தூவிக் கிடந்த தரை முழுவதையும் ஒருவன் கையால் சுற்றிக் காட்டினான். கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு ஊருக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்து உலை வைத்தாள்.

அந்த உலையை ஊர் மன்னிக்கவே இல்லை. வந்த பெண்டுகள் மாரடித்து ஓய்ந்து இவள் முகத்தைப் பார்த்தால், அது கழுவிக் கவிழ்த்த சட்டி மாதிரி இருந்தது. கல்நெஞ்சுக்காரி என்று பேசிக்கொண்டே கலைந்தார்கள். அடுத்தவள் கண்ணீரை ஆழாக்கு வைத்து அளக்க நம் பக்கத்தில் ஆளுக்கா பஞ்சம்! அவள் நெஞ்சில் கல்லும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கஞ்சியில் உப்பு இருக்கிறதா இல்லையா என்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை.

காளை வாழைத்தோட்டத்தில் இலையறுப்பவன். அவர்கள் குடியிருந்த குடிசை தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. தோட்டத்தில் வேலை இருக்கும்வரைதான் குடிசை. அதை விட்டால் உசிலம்பட்டிப் பக்கம் அண்ணன் வீடு உண்டு. அண்ணன் நல்லவன்தான். அண்ணன் பெண்டாட்டி போடுகிற சோற்றைத் தின்பதற்குப் பேசாமல் வாழைச்சருகைத் தின்னலாம். ஆகவே முனியாயி பதினாறு முடிந்த மறுநாளே புருசனுடைய கத்தியை எடுத்துக்கொண்டு தோட்டத்தில் இறங்கினாள்.

கத்தி நல்ல கத்தி. ஒரு முழ நீளம், நுனியில் லேசான வளைவு. பிடிதான் பிரச்சினை. காளை தன் கைக்கென்று சொல்லிச் செய்து வாங்கிய பிடி அது, அவனுடைய அகன்ற உள்ளங்கைக்கு ஏற்ற பருமன். இளவட்டத்தில் கரும்பாலையில் கையை விட்டு அவனுக்குச் சுண்டுவிரலில் பாதி போயிருந்தது. அதனால் பிடியில் மூன்று விரலுக்குத்தான் பள்ளம் இருக்கும். நாலாவது விரல் இருக்க வேண்டிய இடத்தைச் சீவி எடுத்திருந்தார்கள். முனியாயியின் கைக்குள் அது அடங்காமல் புரண்டது. உள்ளங்கையில் கொப்புளம் கட்டி உடைந்தது, உடைந்த இடத்தில் வாழைப்பால் பட்டுக் கறுத்தது. பழந்துணியைப் பிடிமேல் சுற்றிக்கொண்டு அறுத்தாள். துணி சுற்றினால் பிடி இன்னும் பருத்தது. வலித்தது என்றுகூடச் சொல்ல முடியாது, கை வலிக்கிறது என்று வேறு யாரோ வந்து சொல்வது போல இருந்தது.

ஆவணி பிறந்து முகூர்த்தங்கள் நெருங்கின. தோட்டத்துக் காரியஸ்தர் சாம்பசிவம் ஒருநாள் இலைக்கட்டுகளைப் பார்த்துவிட்டு அவளிடம் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. கெட்டது சொல்ல வேண்டியிருந்தால் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொல்வார்.

"முனியாயி, ஓரம் பூராம் கிழிஞ்சு கெடக்கு. கலியாண வீட்டுல கிழிஞ்ச எலையைப் போட முடியுமா?"

"கத்தி நிக்க மாட்டேங்குதுங்க."

"நாங் குத்தமாச் சொல்லல. இந்த வாரத்துக்குள்ள சரி பண்ணிக்க. இல்லேன்னா வேற ஆளுதான் பாக்கணும். வார ஆளு குடிசையைக் கேப்பான்."

மறுநாள் விடிகாலையில் தோட்டத்து வண்டிக்காரன் மொக்கையன் ஓட்டிய இலைவண்டியில் ஏறி முனியாயி மதுரைக்குப் புறப்பட்டாள். காளவாசலில் செங்கல் சூளைகளைத் தாண்டியதும் ஒரு வேப்பமரத்தடியில் சுருளியின் பட்டறை. அரிவாள், கத்தி, உளி எதுவானாலும் அவர் பிடி மட்டும்தான் போடுவார். இரும்பு அடிக்க மாட்டார். அதைக் கேட்டு வருகிறவர்களிடம் அரைமணி நேரம் கோபித்துக்கொள்வார். மொக்கையன் அவளை இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பும்போது ஏற்றிக்கொள்வதாகச் சொல்லிப் போனான்.

சுருளி கத்தியை வாங்கி அலகைத் தட்டிப் பார்த்தார். துணி சுற்றிய பிடியை அவர் லட்சியம் செய்யவில்லை. எப்படியும் போகப்போகிற பிடி.

"யாருக்குத் தாயி? நீயா அறுக்கப்போற?"

"நாந்தாண்ணே."

பிசைந்து வைத்திருந்த கண்மாய் வண்டலில் ஓர் உருண்டையைக் கிள்ளி, கத்திப்பிடி நீளத்துக்கு உருட்டி அவளிடம் நீட்டினார்.

"இதைக் கத்தின்னு நெனச்சுக்க. எலையை அறுக்கும்போது எப்படிப் புடிப்பியோ அப்படிப் புடி. எனக்காகப் புடிக்காத. யோசிக்காமப் புடி."

யோசிக்காமல் செய்வதற்கு முனியாயிக்குச் சொல்லித்தரவா வேண்டும்! நாலு மாதமாக அவள் எல்லாவற்றையும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தாள். மண்ணை ஒரு பிடி பிடித்து அவரிடமே கொடுத்துவிட்டாள். சுருளி அதைத் திருப்பிப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார், ஏதோ கேட்க வாயெடுத்தவர் கேட்கவில்லை. வெள்ளைச்சேலைக்காரியிடம் ஊனத்தைப் பற்றிக் கேட்பானேன் என்று விட்டுவிட்டார். வெயில் சாய வரச்சொன்னார்.

அவள் எங்கே போவாள்? சூளைப்பக்கம் ஒரு புளியமரத்து நிழலில் உட்கார்ந்திருந்தாள். கழுதைகள் செங்கல் சுமந்து போயின, வெறும் முதுகோடு திரும்பி வந்தன. பொழுது போனது.

திரும்பி வந்தபோது கருவேலங்கட்டையில் புதுப்பிடி தயாராக இருந்தது. நடுவில் துளை போட்டு, வாயில் இரும்புப் பூண் மாட்டி, எண்ணெய் தடவி ஒரு சாக்கின்மேல் வைத்திருந்தார். அவள் கை நீட்டினாள்.

"தொடாத. கத்தி ஏறாத பிடியைத் தொடக்கூடாது. மொதல்ல பழசைக் கழட்டணும்."

"அந்தப் பழைய பிடியை நான் வீட்டுக்குக் கொண்டுபோறேண்ணே."

"அது ஆகாது தாயி. கழட்டுன பிடி சும்மா வீட்டுல கெடந்தா ஒழைக்கிற கை மொடங்கிப்போகும். அதை எரிச்சு, அந்தத் தீயில கத்தி வாலைக் காய்ச்சித்தான் புதுசுல எறக்கணும். எங்கய்யா காலத்துலருந்து இங்க அப்படித்தான்."

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கத்தியை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டியிருக்கலாம். அந்தப் பிடியில் மட்டும்தான் காளையின் கை மிச்சம் இருந்தது. அதைத் தொட்டுத்தான் நாலு மாதமாக அவளுக்கு விடிந்தது. ஆனால் வேண்டாம் என்றால் இந்த வாரத்தோடு குடிசை போய்விடும். அதைவிட, வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு தெம்பு வேண்டுமே, அது அவளிடம் இல்லை. தலையை ஆட்டினாள்.

சுருளி துணியோடு சேர்த்தே பிடியைப் பிளந்தார். சில்லுகளைக் கரிச்சட்டியில் போட்டு, பிடிக்குள் இறங்கியிருந்த கத்தியின் வாலை அதற்குள் செருகினார். பட்டறையில் அவருக்கு ஒத்தாசைக்கு ஆள் கிடையாது. ஊதுகுழலை அவளிடம் நீட்டினார்.

"ஊது தாயி. நான் அரக்கை உருக்கிக்கிர்றேன்."

முனியாயி ஊதினாள். சோற்றுக்கு அடுப்பு ஊதுவது போலவே ஊதினாள். துணி முதலில் கருகியது. நாள்பட்ட வாழைப்பாலும் வியர்வையும் ஊறிய கட்டை சடசடத்துப் பிடித்துக்கொண்டது. புகை கண்ணில் ஏறியது. அப்போதுகூட அவள் கண்ணில் தண்ணீர் வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கத்தியின் வால் சிவந்தது. சுருளி அதை இடுக்கியால் எடுத்து, துளையில் அரக்கை ஊற்றி, புதுப்பிடிக்குள் இறக்கிக் கொட்டாப்புளியால் தட்டினார். தண்ணீரில் அமுக்கினார். சுர்ரென்று ஒரு சத்தம், வேலை முடிந்தது.

"இப்பப் புடி."

பிடித்தாள். உள்ளங்கைக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. புரளவில்லை, கொப்புளத்தில் இடிக்கவில்லை. மெல்லிய பிடி, அவள் கையின் அளவு. ஆனால் சுண்டுவிரல் மட்டும் தனியே வெளியில் நீட்டிக்கொண்டு நின்றது. அதற்குக் கீழே கட்டையே இல்லை. மூன்று பள்ளம்தான் இருந்தது. நாலாவது இடத்தில் சீவி எடுத்திருந்தது.

"என்னண்ணே இது, ஒரு வெரலுக்கு எடம் வக்கலையே?"

சுருளி மண் உருண்டையை எடுத்து வந்து காட்டினார். காய்ந்துவிட்டிருந்தது. மூன்று விரல்களின் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது. நாலாவதன் தடமே இல்லை.

"நீ புடிச்சுக் குடுத்ததுதான் தாயி. ஒனக்குச் சுண்டுவெரல் மடங்காதுன்னுல்ல நெனச்சேன்?"

முனியாயி தன் சுண்டுவிரலை மடக்கினாள். மடங்கியது. நீட்டினாள். அதற்கு ஒரு குறையும் இல்லை. பிறந்ததிலிருந்து ஒரு குறையும் இருந்ததில்லை.

"எனக்கு நல்லாத்தாண்ணே இருக்கு," என்றாள். "அவுகளுக்குத்தான் பாதி வெரலு."

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது காதில் விழுந்தது. நாலு மாதமாக அவன் பிடியைப் பிடித்துப் பிடித்து, இல்லாத விரலை அவள் கையும் பழகிக்கொண்டிருந்தது. பிடியோடு அவனையும் எரித்துத் தீர்த்துவிட்டதாக அவள் நினைத்த இந்த நேரத்தில், அவன் அவள் கைக்குள்ளேயே இருந்தான். கத்தியைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். எந்தக் குழி என்று தெரியாத அந்தச் சுண்ணாம்புத் தரைக்கும், வந்து வைத்த உலைக்கும், உப்பில்லாத கஞ்சிக்கும் எல்லாவற்றுக்குமாக அழுதாள். ரோட்டில் போன வண்டிக்காரர்கள் நின்று பார்த்தார்கள். சுருளி பயந்துபோனார். அவர் பிடி போட்டு இதுவரை யாரும் அழுததில்லை.

"தாயி, ஏந் தப்புதான். கேட்டிருக்கணும். நாளைக்கு வா, நாலு வெரலுக்கும் எடம் வச்சு வேற பிடி போட்டுத் தாரேன். இதைப் பொளந்துருவோம்."

சட்டியில் நெருப்பு இன்னும் இருந்தது. அவர் கத்தியை வாங்கக் கை நீட்டினார். முனியாயி கத்தியை இடுப்புப் பக்கம் இழுத்துக்கொண்டாள். நாலு மாதத்தில் அவள் வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"வேணாண்ணே. ஏங் கையி இப்ப இப்படித்தான் இருக்கு."

மொக்கையன் வண்டி வந்து நின்றது. அழுதுகொண்டே ஏறினாள். கோச்சடை தாண்டும்வரை அழுதாள். மொக்கையன் மாட்டை மெதுவாக விட்டான். குடிசைக்கு வந்து கஞ்சி குடித்தவள், பாதியில் எழுந்துபோய் உப்பை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.