ஏழாவது ஆணி

சோபாக்காரர் வேலைக்கு உட்கார்ந்தால் ஏழு ஆணிகளை வாயில் போட்டுக்கொள்வார். ஆறும் கிடையாது, எட்டும் கிடையாது. நாக்கு ஒவ்வொன்றாக உதட்டுக்குத் தள்ளும், கை வாங்கும், சுத்தியல் அடிக்கும். முப்பது வருஷமாக இதில் ஒரு பிசகு வந்ததில்லை. "வாயில ஆணி இருக்கிற வரைக்கும்தான் இந்த மனுஷன் என்னை எதிர்த்துப் பேசமாட்டார்" என்று, துணி வெட்டிக்கொண்டே, பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் மனைவி சொல்லிவைப்பாள்.

அன்று காலை ஒரு நாற்காலிக்கு மெத்தைத் துணி அடித்துக்கொண்டிருந்தார். ஆறு ஆணிகள் இறங்கிவிட்டன, ஏழாவதைக் காணோம். நாக்கால் துழாவினார். மடியை உதறினார், காந்தத்தைத் தரையெல்லாம் இழுத்தார். முழுங்கித் தொலைத்துவிட்டோமோ?

உள்ளதைச் சொன்னால், அவருடைய பயம் ஆணியைப் பற்றியதே அல்ல. பன்னிரண்டு நாளாகக் கீழுதட்டின் வலது பாதியும் மோவாயும் மரத்துக் கிடந்தன, பல் பிடுங்க ஊசி போட்டதுபோல. சொத்தைப்பல்தான் காரணம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கழுத்தில் கட்டிகள் வந்து, லிம்போமா என்ற புற்றுநோய் என்று தெரிந்து, எட்டு தடவை மருந்து ஏற்றி, மனுஷன் செத்துப் பிழைத்தார். குணமாகி அனுப்பும்போது டாக்டரம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "புதுசா எது வந்தாலும், அற்பமா தெரிஞ்சாலும், அன்னைக்கே வந்துடணும்." இவரும் மாடு மாதிரி தலையாட்டிவிட்டு வந்தார். தலையாட்ட என்ன கஷ்டம்!

"என்னங்க தேடுறீங்க?"

"ஒண்ணுமில்ல. சாக்பீஸ்."

அவள் கத்தரிக்கோலை வைத்துவிட்டுக் கிட்டே வந்தாள். அவர் முகத்தைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு கையை நீட்டி, அவர் கீழுதட்டிலிருந்து எதையோ பிடுங்கினாள். ஏழாவது ஆணி. பாதிவரை குத்தி நின்றிருந்திருக்கிறது. மோவாய் வழியாகச் சட்டைவரைக்கும் ரத்தம் இறங்கியிருந்தது.

"வலிக்கலையா?"

அவர் குனிந்து சட்டையிலிருந்த ரத்தத்தைப் பார்த்தார்.

"எத்தனை நாளா?"

"பன்னெண்டு."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. பட்டறையைப் பூட்டினாள், ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

டாக்டரம்மா ஒரு பஞ்சை எடுத்தார். "கண்ணை மூடிக்குங்க. தொட்டா 'ம்' சொல்லுங்க."

நெற்றி. ம். கன்னம். ம். இரண்டு மூச்சுக்கு ஒரு தடவை தொடுகிறார் என்பது உடனே பிடிபட்டுவிட்டது. சுத்தியல் பிடித்த கைக்குத் தாளம் சொல்லியா தர வேண்டும்? மோவாய்ப் பக்கம் ஒன்றுமே தெரியவில்லை. ஆனாலும் இரண்டு மூச்சு ஆனதும் "ம்" என்றார். மறுபடி "ம்". மறுபடியும் "ம்". தப்பித்துவிட்டோம் என்று நினைத்துக் கண்ணைத் திறந்தார்.

பஞ்சு மேஜைமேல் கிடந்தது. மனைவி வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கடைசி மூணு தடவை நான் தொடவே இல்லைங்க," என்றார் டாக்டரம்மா மெதுவாக. "முகத்துக்கு வர்ற நரம்பு ஒண்ணு வேலை செய்யல. பழைய நோய் நரம்புக்குப் பரவியிருக்கலாம். இன்னைக்கே ஸ்கேன் எடுக்கணும், முதுகுத்தண்டுல ஊசி போட்டு நீர் எடுத்துப் பாக்கணும். வேற ஏதாவது மறைக்கிறீங்களா?"

அவர் மனைவியைப் பார்த்தார்.

"நேத்துலேர்ந்து நீ ரெண்டா தெரியுற," என்றார். "ஒருத்தியையே சமாளிக்க முடியல."

அவள் சிரிக்கவில்லை. எழுந்து வந்து, புடவைத் தலைப்பால் அவர் மோவாயில் காய்ந்திருந்த ரத்தத்தைத் துடைத்தாள். துடைத்த பிறகும் கையை எடுக்கவில்லை.

"நான் தொடுறது தெரியுதா?"

அவள் கை அங்கே இருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. 'ம்' என்று சொல்ல வாயெடுத்தார்.

"தெரியல," என்றார். "எனக்குப் பயமா இருக்கு."