இளவரசியின் சாயல்

உத்திரமேரூர் நெல் மண்டியில் எடை போடும் பெஞ்சமினுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பிரசங்கம் செய்யும் உபதேசியார் வேலையும் உண்டு. மனிதர் சும்மா இருக்காமல் தபால் வழியில் இறையியல் படிக்கப் போய் வகையாக மாட்டிக்கொண்டார். கடவுள் மனிதனைத் தம் சாயலாகப் படைத்தார் என்ற ஆதியாகம வசனம்தான் இந்த வாரப் பிரசங்கம். கண்ணை மூடிக்கொண்டு பேசிவிடலாம் என்று நினைத்திருந்தார்.

பாடப்புத்தகம் விட்டால்தானே. சாயல் என்றால் அறிவு என்றார்கள் பழைய காலத்தவர்கள். பெஞ்சமின் அங்கேயே நின்றுவிட்டார். அவர் மகள் இளவரசிக்குப் பத்தொன்பது வயது. தன் பெயர்கூடத் தெரியாது. ஜெபத்தின் நடுவில் கத்துகிறாள் என்று, அவளை வீட்டுக்குள் விட்டுப் பூட்டிவிட்டுத்தான் அவரும் மனைவியும் சர்ச்சுக்குப் போவது.

இக்காலத்து அறிஞர்கள் பலர் அதை ஒப்புவதில்லை என்று அடுத்த பக்கத்தில் படித்ததும் அவருக்கு மூச்சு வந்தது. அதுவும் நீடிக்கவில்லை. பூமியை ஆளும் பொறுப்புதான் சாயல் என்றார் ஒருவர். சோற்றை அள்ளி வாயில் வைக்கத் தெரியாதவள் எதை ஆள்வாள்? உறவுதான் சாயல் என்றார் இன்னொருவர். பெற்ற அப்பனையும் பால்காரரையும் ஒரே மாதிரி பார்க்கிறவளாயிற்றே. படித்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னால் எடை போடுகிறவன் என்னதான் செய்வான்? பெஞ்சமினுக்கு மண்டை காய்ந்தது.

மனைவி ஜெயம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கோயில் ஊரான மாகறலில் பிறந்து, கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கியவள். கடைசி விளக்கத்தை அவளிடம் சொன்னார். அந்தக் காலத்து ராஜாக்கள், தாங்கள் இருக்க முடியாத ஊர்களில் தங்கள் சிலையை நிறுத்துவார்களாம். அப்படிக் கடவுள் பூமியில் நிறுத்திய சிலைதான் மனிதனாம். சொல்லும்போதே அவருக்கு அது பிடித்துப்போனது.

ஜெயம்மாளின் கை நின்றது.

"கை கால் உடைஞ்சி பின்னமாப்போன சாமிய எங்க ஊர்ல பூஜையில வைக்க மாட்டாங்க. ஆத்துல வுட்டுடுவாங்க," என்றாள். "நாம இவள வூட்ல போட்டுப் பூட்டிக்கினு போறமே, அது இன்னாங்க?"

பெஞ்சமின் பக்கங்களைப் புரட்டினார். எந்த அறிஞரும் அதற்குப் பதில் எழுதியிருக்கவில்லை. கோபமாக வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. வெட்கமாகவும் இருந்தது.

ஞாயிறு வந்தது. எந்த விளக்கம் சரி என்று அவருக்கு அப்போதும் தெரியாது. ஜெயம்மாள் தலை சீவிவிட்டதும் இளவரசி கத்தத் தொடங்கினாள். பெஞ்சமின் அவள் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்து கதவைப் பூட்டினார்.

உள்ளே யாரும் இல்லை.