மூலையில் இருந்த பெயர்

விடிகாலை ஐந்து மணிக்கே தமிழ்மொழிக்குக் கண் எரியத் தொடங்கிவிடும். காரைக்காலில் ஒரு செல்போன் கடையின் மாடியில், ஜன்னல் திறக்க முடியாத அறை. மூன்று கணினிகள், ஈரச் செருப்புகளின் வாடை. வானிலைச் செய்தி போடும் இணையப் பக்கம் ஒன்றைப் பூமிநாதன் அங்கிருந்துதான் நடத்தினார். ஏழு மணிக்குள் நாற்பது படங்கள் ஏற வேண்டும். ஊர் ஊராக யார் யாரோ எடுத்துப் போட்ட மேகம், மின்னல், வெள்ளம் எல்லாவற்றையும் இறக்கி, மூலையில் இருக்கும் பெயரை வெட்டி, அந்த இடத்தில் தங்கள் முத்திரையைப் பதிக்க வேண்டும். மவுஸைப் பிடித்துப் பிடித்து மணிக்கட்டு வலி முழங்கை வரை ஏறியிருந்தது. அவளோடு ரிஃபாயும் சிவப்ரியாவும் அதே வேலையைச் செய்தார்கள். யாரிடமும் அனுமதி கேட்டதில்லை.

ஐப்பசியில் இன்னொரு வேலையும் சேர்ந்தது. முத்திரை போட்ட படம் வேறு பக்கத்தில் தென்பட்டால் காப்புரிமைப் புகார் அனுப்ப வேண்டும். 'இந்தப் படம் எங்களுக்குச் சொந்தம், இது உண்மை' என்ற வரிக்கு நேரே டிக் அடிக்க வேண்டும்.

ஒருநாள் பட்டியலில் 'பட்டினச்சேரிக் கடலோரம்' என்ற பக்கம் வந்தது. கடலுக்கு மேல் கருங்கல் சுவராக எழுந்து நிற்கும் மேகம். மூலையில் சின்னதாக 'ஆக்சிலியா'. மூன்று வாரத்துக்கு முன் அந்தப் பெயரை வெட்டியது தமிழ்மொழியின் கைதான். படம் யாருடையது என்று தெரிந்தேதான் டிக் அடித்தாள். இன்னும் பதினோரு புகார்கள் பாக்கி இருந்தன. அன்று மாலையே அந்தப் பக்கம் முடக்கப்பட்டது.

நான்காம் நாள், நெரவியில் அவள் அம்மா பங்கஜவல்லி நனைந்த புடவையோடு வீட்டுக்கு வந்தாள். அறுத்த குறுவை நெல்லை ரோட்டில் பரப்பிக் காயவைக்கும் கூலி வேலை அவளுக்கு. தார்ப்பாய் போர்த்துவதற்குள் மழை பிடித்துக்கொண்டதாம். பாதி நெல் வாய்க்காலோடு போய்விட, நெல்லுக்காரர் ஆறு பெண்களையும் இனி வர வேண்டாம் என்றுவிட்டாராம்.

"கடல்ல மேகம் ஏறுனா பட்டினச்சேரிப் பொண்ணு விடியறப்பவே படம் போட்டுரும். அதப் பாத்துட்டுதான் நெல்லப் பரப்புவோம். நாலு நாளா அந்தப் பக்கத்தையே காணோம்டி."

தமிழ்மொழி பிசைந்த சோற்றை அப்படியே மூடி வைத்தாள். உண்மையைச் சொல்லாமல் எழுந்து கை கழுவினாள்.

மறுநாள் வேலைக்குப் போகாமல் பட்டினச்சேரிக்குப் போனாள். படகுகளுக்கான ஐஸ் கட்டிகளை ஆக்சிலியா மரக்கட்டையால் அடித்து உடைத்துக்கொண்டிருந்தாள். சில்லு தெறித்துத் தெறித்து அவள் கைகள் சிவந்திருந்தன. பெயரை வெட்டியது, தெரிந்தே புகார் அனுப்பியது, எல்லாவற்றையும் தமிழ்மொழி நின்றபடியே சொன்னாள். ஆக்சிலியா கையை நிறுத்தவில்லை. பெட்டி நிறைந்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"நான் எடுத்த படத்த நானே திருடிட்டேன்னு எனக்குத் தகவல் வந்துச்சுங்க. நம்மதான் எதோ தப்புப் பண்ணிட்டோம்னு ரெண்டு நாளா அதையே படிச்சிக்கிட்டுக் கெடந்தேன்."

"மன்னிச்சுக்கங்க."

"அத வச்சிக்கிட்டு நான் என்ன பண்ண? கேட்டிருந்தா குடுத்திருப்பேன். பேரோட போடுங்கன்னு மட்டும்தான் சொல்லியிருப்பேன்."

படமெடுத்த தேதியும் நேரமும் ஆக்சிலியாவின் செல்போனில் அப்படியே இருந்தன. பக்கத்தைத் திரும்பக் கேட்டு அவள் மறுப்பு அனுப்பலாம். பெயரை வெட்டியவளே எழுதிக் கொடுத்தால் அதற்கு வலு கூடும். எழுதித் தருவீர்களா என்று கேட்டாள். வேலை போகும் என்று தெரிந்தே தமிழ்மொழி தலையாட்டினாள்.

அடுத்த நாள் காலை மற்ற இருவரிடமும் சொன்னாள். குரும்பகரத்துக்காரர் ஒருவர் தன் படத்தைப் பற்றி மூன்று முறை எழுதிக் கேட்டதையும், பதில் போடாமல் தான் அழித்துவிட்டதையும் சிவப்ரியா தயங்கித் தயங்கிச் சொன்னாள். ரிஃபாய் படங்களை இறக்கிக்கொண்டே இருந்தான். மனைவிக்கு அது எட்டாம் மாதம்.

பூமிநாதன் டீ கிளாஸோடு உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார்.

"நெட்டுல போட்டுட்டா அது பொதும்மா. யாரு வேணா எடுக்கலாம்."

"பொதுன்னா நாம எதுக்கு சார் புகார் போடுறோம்?"

அவர் கிளாஸை மேசைமேல் வைத்தார். "டிக் அடிச்சது யாரு? ஒன் பேர்லதான் புகார் போயிருக்கு. நாளைக்குக் கேஸுன்னு வந்தா நீதான் நிக்கணும்."

அது உண்மை. இரண்டு நாளாக அவளை அரித்துக்கொண்டிருந்ததும் அதுதான்.

"நிக்கிறேன் சார். நான் செஞ்சதுதான். ஆனா இனிமே கேக்காம ஒரு படத்தையும் எடுக்க மாட்டேன், யாரு பேரையும் வெட்ட மாட்டேன். அனுப்புன புகாரையெல்லாம் வாபஸ் வாங்குங்க."

"அப்பக் கீழ எறங்கு. வேற ஆளு வரும்."

நாற்காலி நகர்ந்தது. ரிஃபாய் எழுந்து நின்றிருந்தான்.

"எனக்கும் சேத்து ஆளு பாருங்க சார்."

சிவப்ரியா தன் கணினியை அணைத்தாள். அன்று ஏழு மணிக்குப் பூமிநாதனின் பக்கத்தில் ஒரு படமும் ஏறவில்லை.

மூவரும் மாடிப்படியில் உட்கார்ந்து, யார் யார் படத்தை எடுத்தார்கள், எந்தப் பெயரை வெட்டினார்கள் என்று நினைவுக்கு வந்தவரை எழுதினார்கள். எழுத எழுதப் பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. அந்தப் பெயருக்குரியவர்கள் ஒவ்வொருவருக்கும் தெரிவிப்பது என்று முடிவானது. ஆக்சிலியா ஐஸ் உடைக்கும் பெண்கள் இருவரோடு வந்து சேர்ந்தாள். தமிழ்மொழி எழுதிக் கொடுத்ததோடு மறுப்பு போனது. பக்கம் எப்போது திறக்கும், திறக்குமா என்று யாருக்கும் தெரியவில்லை.

தமிழ்மொழி போன் செய்து வரச்சொல்ல, பங்கஜவல்லியும் நெல் காயவைத்த ஐந்து பெண்களும் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தார்கள். ஆக்சிலியாவின் பக்கத்தைப் பார்த்துத்தான் வேலை செய்தோம் என்று அவர்களும் எழுதிக் கொடுத்தால் அதையும் பின்னாலேயே அனுப்பலாம். அதற்கு முன் தமிழ்மொழி எல்லார் முன்னாலும் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். பக்கத்தை மூடவைத்தது யார் என்று.

பங்கஜவல்லி மகளை வெகுநேரம் பார்த்தாள். படியில் அவளை ஒட்டி உட்கார்ந்து, பேனாவுக்குக் கை நீட்டினாள்.